கல் வாங்கிய சூடு

பட்டறையில் வேதியியல் – 9

சென்ற வாரம் ஜமக்காள நூலில் சாயம் இறங்கிப் பிடிப்பதைப் பார்த்தோம். நூல் சிட்டத்தைத் தொட்டியில் முக்குவதற்கு முன்னால் நடக்கும் ஒரு வேலையை இந்த வாரத்துக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தேன். காஸ்டிக் கரைக்கும் வேலை.

பவானிச் சாயப்பட்டறைக்குக் காஸ்டிக் சோடா வெள்ளைச் சீவலாக மூட்டையில் வருகிறது. நீல பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் தண்ணீர் பிடித்து வைக்கிறார்கள். மேஸ்திரி ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மக்கில் சீவலை அள்ளுகிறார், கொஞ்சமாகத் தூவுகிறார், நீளமான கழியால் கலக்குகிறார். சீவல் கரைந்து மறைந்த பிறகுதான் அடுத்த மக். நாலைந்து மக் போவதற்குள் தண்ணீரின் மேல் ஆவி தெரிகிறது. டிரம்மின் வெளிப்பக்கத்தில் கை வைத்தால் எடுத்துவிடத் தோன்றுகிறது. தொண்டையில் ஒரு கமறல் ஏறி இருமல் வருகிறது. கீழே அடுப்பு இல்லை, உள்ளே ஹீட்டர் இல்லை.

“தண்ணியில காஸ்டிக்கப் போடோணுமுங்க. காஸ்டிக்குல தண்ணிய ஊத்தவே கூடாதுங்க. ஊத்துனா மூஞ்சிக்கு வந்துருமுங்க” என்றார் அவர், கழியை நிறுத்தாமல்.

இந்த மூன்று வாக்கியங்களை விளக்கத்தான் இந்த வாரக் கட்டுரை. ஒரு கிலோ காஸ்டிக் தண்ணீரில் கரையும்போது சுமார் 1,100 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. பத்து லிட்டர் தண்ணீரில் போட்டால் அந்தத் தண்ணீரின் சூடு 25 டிகிரி அளவுக்கு ஏறும். அதோடு சரி. அதே ஒரு கிலோ சீவலைக் குவித்து வைத்து, அதன் தலையில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால், சூட்டைப் பகிர்ந்துகொள்ள அந்த ஒரு டம்ளர்தான் இருக்கிறது. அது நொடியில் கொதித்து, காரத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு தெறிக்கும். கண்ணில் பட்ட காரம் கருவிழியை மூடியிருக்கும் விழிவெண்படலத்தைக் கரைத்துப் பார்வையையே பறித்துவிடக்கூடியது. அதனால்தான் கையுறையோடு நிற்காமல் கண்ணாடியும் வேண்டும் என்று போகிற பட்டறையிலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? காஸ்டிக்கில் அதைத் தேடுவது சிரமம். அது ஏதோ ஓர் ஆலையில் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் தயாராகி, மூட்டையாக வந்து இறங்குகிறது. உள்ளே போன சக்தியை நாம் பார்க்கவில்லை. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கண்ணெதிரே காட்டும் பொருள் ஒன்று கொங்கு நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சுண்ணாம்பு.

நம் செம்மண் காடுகளில் உழும்போது கொழுவில் தட்டுப்படும் சுக்கான் கல்லைப் பொறுக்கி வரப்பில் போடுவார்கள். அதுவும் சுண்ணாம்புக் கல்தான், மண்ணும் கலந்திருக்கும். காளவாயில் கல்லும் கரியும் மாற்றி மாற்றி அடுக்கி நெருப்பு வைப்பார்கள். சுமார் 900 டிகிரியைத் தொட்டால்தான் கல் இளகிக் கொடுக்கிறது. இளகுவது என்றால் உருகுவது அல்ல. கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயு கழன்று வெளியேறுகிறது. ஒரு கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல் வெந்து வெளியே வந்தால் 560 கிராம்தான் இருக்கும். மீதி 440 கிராம் காற்றோடு போய்விட்டது. உருவம் ஏறக்குறைய அதே உருவம். கையில் எடுத்தால்தான் கனம் குறைந்தது தெரியும்.

100 கிராம் கல்லை இப்படிப் பிரிக்க 178 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. கல்லை 900 டிகிரிக்குச் சூடேற்ற ஆகும் செலவு இதில் சேராது. அது கல் ஆறும்போது காற்றில் போய்விடும். நான் சொல்லும் 178, கல்லைக் கல்லாக இருக்கவிடாமல் பிரிப்பதற்கு மட்டும் ஆகும் செலவு. ஆறிக் குளிர்ந்த பிறகும் அது சுட்ட சுண்ணாம்புக்குள்ளேயே இருக்கிறது. தொட்டால் சுடாது. தெர்மாமீட்டர் வைத்தால் காட்டாது. பள்ளிப் புத்தகம் இந்த வகையை வெப்பக் கொள் வினை என்கிறது.

இனி அடுத்த கட்டம். டிஸ்டெம்பரும் எமல்ஷனும் வராத காலத்தில், பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு நடக்கும். சந்தையில் வாங்கிய சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைப் பெரிய மண்பானையிலோ தகர டின்னிலோ போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். முதலில் ஒன்றும் நடக்காது. கட்டி தண்ணீரை உறிஞ்சி, மேலே சின்னச் சின்னக் குமிழிகள் விடும். பிறகு உள்ளிருந்து ஒரு முனகல். கட்டியில் வெடிப்பு விழும், இதழ் இதழாக உதிரும், திடீரென்று பானை முழுவதும் தளதளவென்று கொதிக்கும். ஆவி அடித்து எழும். பானையைத் தொட முடியாது. பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். வெந்து தணிந்ததும் அடியில் வெண்ணெய்ப் பதத்தில் நீற்றுச் சுண்ணாம்பு படிந்திருக்கும். வெற்றிலைக்கு, சுவருக்கு, சாந்துக்கு எல்லாம் அதுதான்.

ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது சுமார் 1,160 கிலோஜூல் வெளிவருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க 293 கிலோஜூல் வேண்டும். கணக்குப்படி பார்த்தால் ஒரு கிலோ சுண்ணாம்பு நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக்கூடிய சூட்டை வைத்திருக்கிறது. இது வெப்ப உமிழ் வினை.

நாம் எடுத்துக்கொண்ட 100 கிராம் கல்லையே பின்தொடர்வோம். அது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு ஆயிற்று. அது 18 கிராம் தண்ணீரைக் குடித்து நீறியபோது திருப்பிக் கொடுத்தது 65 கிலோஜூல். வாங்கியது 178. மீதி 113 எங்கே?

அது சுவரில் இருக்கிறது. நீற்றுச் சுண்ணாம்போடு மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசிய சாந்து, காற்றிலிருக்கும் கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உள்ளே இழுக்கிறது. காளவாயில் இழந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருந்த தண்ணீர் வெளியேறுகிறது. முடிவில் சுவரின் மேல் இருப்பது மறுபடியும் சுண்ணாம்புக் கல். இந்தக் கட்டத்தில் வெளிவரும் வெப்பம் 113 கிலோஜூல். 65-ஐயும் 113-ஐயும் கூட்டிப் பாருங்கள். 178. ஒரு கிலோஜூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான் இந்தக் கணக்கு. காளவாய்க்காரர் கல்லுக்கு 178 எழுதினார். கல் அதை ஒரே விசேஷத்தில் திருப்பவில்லை. பானையில் 65 எழுதிற்று, மிச்சத்தைச் சுவரில் எழுதிக்கொண்டிருக்கிறது. ஆனால் எழுதாமல் விடவில்லை.

இதில் என்னை எப்போதும் நிறுத்திப் பார்க்க வைப்பது அந்த 113. பானையில் வந்த 65-ஐ விட அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. 65 வந்தபோது வீடே தள்ளி நின்றது. 113 வரும்போது அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வெற்றிலை போடுகிறோம். ஒருவருக்கும் சூடு தெரிவதில்லை. காரணம் வேகம். நீறுவது நிமிடங்களில் முடிகிறது. சாந்து கல்லாவது மேல்தோலில் தொடங்கி உள்நோக்கிப் பல வருஷங்கள் நகர்கிறது. தடித்த பழைய சுண்ணாம்புச் சுவரை உடைத்து, பினாப்தலீன் கரைசலைத் தெளித்துப் பார்த்தால், வெளிப்புறம் நிறம் மாறாமலும் உள்மையம் இளஞ்சிவப்பாகவும் தெரிவதுண்டு. சிவந்த பகுதி இன்னும் கல்லாகவில்லை. அங்கே கணக்கு பாக்கி.

இந்தக் கணக்கை முதலில் தொட்டவர்களும் சுண்ணாம்பிலும் அதன் உறவுக்காரப் பொருளிலும்தான் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரர் ஜோசப் பிளாக், சிறுநீர்ப்பைக் கல்லுக்கு மருந்து தேடி மெக்னீசியம் கார்பனேட்டைச் சுட்டுப் பார்த்தார். அது எடை குறைந்தது. போன எடை ஒரு வாயு என்று தராசைக் கொண்டே நிறுவினார். சுண்ணாம்புக் கல்லிலும் அதே வாயு இருப்பதைக் காட்டினார். 1756-ல் அது அச்சில் வந்தது. அவர் சுட்ட பொருளின் கனிம வடிவம்தான் நம் சேலத்தில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல், மேக்னசைட். சுண்ணாம்புக் கல்லை விடக் குறைந்த சூட்டிலேயே அது வாயுவை விட்டுவிடும். மறைவெப்பம் என்ற கருத்தைக் கண்டவரும் இதே பிளாக்தான். பொருளுக்குள் போய்த் தெர்மாமீட்டருக்குத் தெரியாமல் இருக்கும் வெப்பம் உண்டு என்பதை, பனிக்கட்டி உருகுவதை வைத்து அவர் விளக்கினார்.

1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் அதே பனிக்கட்டியை அளவுகோலாக்கினார்கள். ஒரு பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டி, உள்ளே வினை. உருகி வடிந்த தண்ணீரை எடை போட்டால் எவ்வளவு வெப்பம் வந்தது என்று தெரிந்துவிடும். ஒரு சேர்மத்தைப் பிரிக்க எவ்வளவு வெப்பம் ஆகிறதோ, அது சேரும்போது அவ்வளவே வெளிவரும் என்ற முடிவு அவர்கள் காலத்திலேயே எழுந்துவிட்டது.

அதை முழு விதியாக்கியவர் ஜெர்மைன் ஹெஸ். ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை பார்த்தவர். கந்தக அமிலத்தை வெவ்வேறு அளவில் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, பிறகு அம்மோனியாவோடு சேர்த்தார். நீர்க்கும்போது வந்த சூட்டையும் சேர்க்கும்போது வந்த சூட்டையும் கூட்டினால், எந்த வழியில் போனாலும் கூட்டுத்தொகை ஒன்றாகவே இருந்தது. 1840-ல் வெளியிட்டார். வழி எதுவானாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்பம் மாறாது. பதினோராம் வகுப்பு மாணவர்கள் இதைச் சூத்திரமாகப் படித்துவிட்டுத் தேர்வு எழுதிவிடுகிறார்கள். ஒரு பானைச் சுண்ணாம்பை அவர்கள் முன்னால் நீற்றிக் காட்டிவிட்டுக் கணக்குப் போடச் சொன்னால் ஆயுளுக்கும் மறக்காது.

வெப்பம் எங்கே ஒளிந்திருந்தது என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. இங்கே பலரிடம் ஒரு தலைகீழ்ப் புரிதல் இருக்கிறது. பிணைப்பை உடைத்தால் சக்தி வெளியே வரும் என்று நினைக்கிறார்கள். அணுக்களுக்கு இடையே இருக்கும் பிணைப்பு எதுவானாலும் அதைப் பிரிக்க நாம்தான் சக்தி கொடுக்க வேண்டும். விதிவிலக்கே இல்லை. புதுப் பிணைப்பு உண்டாகும்போதுதான் சக்தி வெளிவருகிறது. ஒவ்வொரு வினையிலும் இரண்டும் நடக்கின்றன. உடைக்க ஆன செலவு குறைவாகவும் சேர்ந்ததில் வந்த வரவு அதிகமாகவும் இருந்தால் மிச்சம் சூடாக வெளிப்படும். செலவு அதிகமானால் சுற்றியிருப்பதிலிருந்து சூடு இழுக்கப்படும்.

சுட்ட சுண்ணாம்பில் கால்சியத்தோடு ஒட்டியிருப்பது இரட்டை எதிர்மின் சுமையோடு உள்ள ஆக்சிஜன் அயனி. அதற்கு நிம்மதியே கிடையாது. ஒரு தண்ணீர் மூலக்கூறு அருகில் வந்தால் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கியதும் ஒன்று இரண்டாகி, இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் அங்கே அமர்கின்றன. புதிதாக ஏற்பட்ட அந்தப் பிடிப்பு உறுதியானது. பழையதை உடைக்க ஆன செலவு போக மிஞ்சியதுதான் பானையில் கொதித்தது. காளவாய் நெருப்பு செய்த வேலை, அந்த அயனியை இப்படி நிம்மதியில்லாத நிலையில் கொண்டுபோய் நிறுத்தியதுதான்.

காளவாய் நெருப்பின் சூட்டையும் இப்படிப் பின்னோக்கிப் பிடிக்கலாம். விறகு எரியும்போது கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. அந்தப் பிணைப்புகள் வலுவானவை, அதனால் சூடு. அந்த விறகை உண்டாக்கியது இலை. இலை கரியமில வாயுவையும் தண்ணீரையும் பிரித்துச் சர்க்கரையாக்க வெயிலிடமிருந்து சக்தியை வாங்கிக்கொண்டது. பூமியில் நடக்கும் மிகப் பெரிய வெப்பக் கொள் வினை அதுவே. கவுந்தப்பாடிப் பக்கம் கரும்புச் சக்கையை எரித்துக் கொப்பரையில் பாகு காய்ச்சுகிறவர், அதே கரும்பு ஒரு வருஷம் வாங்கி வைத்த வெயிலைத்தான் அடுப்பில் செலவழிக்கிறார்.

வேகத்தைப் பற்றிச் சொன்னேன். சாயப்பட்டறையில் உயிர் போகிற விஷயம் அதுதான் என்பதால் அங்கே திரும்பிப் போக வேண்டும்.

வாட் சாயம் தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்கக் காரத்தோடு சேர்த்துப் போடும் வெள்ளைப் பொடி ஹைட்ரோஸ். வேதியியல் பெயர் சோடியம் டைதயோனைட். சாயத்தின் ஆக்சிஜனைச் சமாளித்து நூலுக்குள் ஏறும் நிலைக்குக் கொண்டுவருவது அது. நூலை வெளியே எடுத்துக் காற்றில் காட்டினால் சாயம் பழைய நிலைக்குத் திரும்பி உள்ளேயே பூட்டிக்கொள்ளும். இதைச் சென்ற வாரம் விரிவாகச் சொன்னேன். ஆக்சிஜன் மேல் அத்தனை ஆசை உள்ள பொடி, டிரம்மில் சும்மா இருக்கும்போதும் அந்த ஆசையை விடுவதில்லை. மூடியைச் சரியாக மூடாமல் விட்டால் காற்றும் ஈரமும் உள்ளே போகும். மெதுவாக ஒரு வினை தொடங்கும். அது வெப்பம் உமிழும். டிரம்மின் ஓரத்தில் என்றால் அந்த வெப்பம் தகரம் வழியாக வெளியே போய்விடும். நடுவில் என்றால் சுற்றியுள்ள பொடியே அதற்குப் போர்வை. வெளியேற வழியில்லாத வெப்பம் அங்கேயே தங்கிச் சூட்டை ஏற்றும். பொதுவாக, பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பட்டறிவு. வேகம் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் வேகம் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் அதைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. கந்தக நெடியோடு புகை கிளம்பும். பொடி தானாகவே சிதைந்து தீப்பற்றும்.

1995 ஏப்ரல் 21-ம் தேதி அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் லோடை என்ற ஊரில் நாப் டெக்னாலஜிஸ் என்ற ஆலையில் இதுதான் நடந்தது. பெரிய கலவைப் பாத்திரத்தில் ஹைட்ரோஸோடு அலுமினியப் பொடியையும் கலந்துகொண்டிருந்தார்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் கசிந்துவிட்டது. கலவை தானே சூடேறத் தொடங்கியது. அதை வெளியே எடுத்துவிட முயன்றபோது வெடித்தது. ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். கசிந்தது சொற்பத் தண்ணீர்தான். வெள்ளமாகத் தண்ணீர் இருந்தால் அது சூட்டை வாங்கிக்கொண்டுவிடும். சொட்டுச் சொட்டாக வந்த தண்ணீர் வினையைத் தூண்டிவிட்டதே தவிர, சூட்டைச் சுமக்கப் போதவில்லை. பவானி மேஸ்திரி சொன்ன முதல் வாக்கியத்துக்கும் அடிப்படை இதுவேதான்.

எனவே ஹைட்ரோஸ் டிரம்மை ஈரத் தரையில் வைக்காமல் கட்டை போட்டு அதன்மேல் வைக்க வேண்டும். அள்ளும் மக் உலர்ந்திருக்க வேண்டும். சாயத் தொட்டியில் முக்கிய கையோடு டிரம்முக்குள் கை விடக் கூடாது. ஐப்பசி மழையில் கூரை ஒழுகும் இடத்தில் அது இருக்கவே கூடாது. டிரம்மின் பக்கம் சூடாக இருந்தாலோ கந்தக நெடி வந்தாலோ மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைத் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைத் திறப்பவருக்குத் தெரிந்த மொழியில் எழுதி ஒட்டுவதற்கு ஒரு அட்டையும் ஒரு மார்க்கர் பேனாவும் போதும். இன்று பவானிப் பட்டறைகளில் வடமாநில இளைஞர்களும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு இந்தியிலும் எழுதிவிடலாம். இதே பொடியை வெல்லத்தை வெளுக்க வைக்கவும் சிலர் கொப்பரையில் போடுகிறார்கள். சாயப்பட்டறைப் பொடிக்குச் சாப்பாட்டில் இடமில்லை. பழுப்பு நிற வெல்லத்தை நாம் விரும்பிக் கேட்டு வாங்கத் தொடங்கினால் அதைப் போட வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்காது.

சூடு வருவது மட்டும்தானா, தானாகக் குளிர்வது கிடையாதா என்று கேட்கலாம். மஞ்சள் காட்டுக்காரர்களுக்கு அது பழக்கம். ஐந்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ யூரியாவைப் போட்டுக் கலக்கினால் பக்கெட் சில்லென்று ஆகிவிடும். பத்து டிகிரி அளவுக்குச் சூடு இறங்கும். வெளிப்புறம் வேர்க்கக்கூட வேர்க்கும். கரைவது வினை ஆகாது, புதுப் பொருள் உண்டாகவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். சரிதான், காஸ்டிக் கரைவதற்கும் அதே ஆட்சேபம் பொருந்தும். ஆனால் கணக்கு ஒன்றேதான். யூரியாப் படிகத்தைக் கலைக்க ஆகும் செலவு, தண்ணீர் அதைச் சூழ்ந்துகொள்வதால் வரும் வரவை விட அதிகம். பற்றாக்குறையைத் தண்ணீரின் சூட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சரியான வினையே வேண்டும் என்றால், எலுமிச்சைச் சாற்றில் ஒரு கரண்டி ஆப்பசோடாவைப் போட்டு, பொங்கும்போது டம்ளரைப் பிடித்துப் பாருங்கள். குளிரும்.

நஷ்டத்தில் நடக்கும் இந்த வினைகள் ஏன் தானாக நடக்கின்றன? சூட்டை வெளியே விட்டு அமைதியாவது மட்டும் பொருளின் இயல்பல்ல. சிதறிப் பரவுவதும் அதன் இயல்பு. படிகத்தில் அடுக்கி வைத்த யூரியா, தண்ணீர் முழுக்கப் பரவ வழி கிடைத்தால் கொஞ்சம் சூட்டைச் செலவழித்தாவது பரவும். ஆப்பசோடாவில் அடைபட்டிருந்த வாயு வெளியேறக் கிடைத்த வாய்ப்பை விடாது. சூடு ஏற ஏற இந்தப் பரவும் இயல்பின் கை ஓங்கும். சுண்ணாம்புக் கல் வயலில் கிடக்கும்போது யுகக்கணக்கில் கல்லாகவே கிடந்து, 900 டிகிரியில் மட்டும் வாயுவை விடுவது ஏன் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. கீழே பிடிப்பு ஜெயிக்கிறது. மேலே பரவல் ஜெயிக்கிறது. இரண்டும் சமமாகும் இடம்தான் காளவாய்க்காரர் தேடும் சூடு.

இன்று காளவாய்கள் அனேகமாக அணைந்துவிட்டன. கல் மட்டும் இன்னும் வெந்துகொண்டிருக்கிறது. 1934-ல் தொடங்கிய மதுக்கரை சிமென்ட் ஆலையும், பவானியிலிருந்து காவிரியைத் தாண்டிப் போனால் வரும் சங்ககிரி சிமென்ட் ஆலையும் இந்தக் கொங்குச் சுண்ணாம்புக் கல்லை நம்பித்தான் வந்தன. அங்கே களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி வரை கொண்டுபோகிறார்கள். கணக்கு அதே மாதிரிதான் நடக்கிறது. உலையில் வாங்கியதில் ஒரு பங்கைச் சிமென்ட் தண்ணீர் பட்டதும் திருப்பத் தொடங்குகிறது. கான்கிரீட் போட்ட மறுநாள் காலையில் தளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். வீட்டுத் தளத்தில் அது பெரிய விஷயமில்லை. நாலங்குலக் கனம்தான், சூடு வெளியேறிவிடும். ஓர் அணையில் என்றால் ஹைட்ரோஸ் டிரம்மின் நடுவில் பார்த்த அதே சிக்கல். அமெரிக்காவில் ஹூவர் அணையைக் கட்டியபோது, ஒரே மூச்சில் கான்கிரீட்டை நிரப்பினால் அது ஆறுவதற்கு 125 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். அதற்குள் வெடிப்பு விட்டுவிடும். எனவே தனித்தனிப் பாளமாக வார்த்து, உள்ளே 900 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு ஓர் அங்குலக் குழாய்களைப் புதைத்துக் குளிர்ந்த தண்ணீரை ஓட்டினார்கள். வந்தே தீரும் சூட்டை யாரும் வராமல் செய்ய முடியாது. வரும் வேகத்தோடு அதை வெளியே கொண்டுபோகத்தான் முடியும்.

வெப்பக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. வாயுக் கணக்குத்தான் இன்னும் திறந்து கிடக்கிறது. நிலக்கரிக்குப் பதில் சூரிய சக்தியில் உலையை எரித்தாலும், ஒரு கிலோ கல்லிலிருந்து அந்த 440 கிராம் கரியமில வாயு வெளியே வந்தே தீரும். அது எரிபொருளில் இல்லை, கல்லிலேயே இருக்கிறது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7 சதவீதம் சிமென்ட்டிலிருந்து போகிறது. அதில் பாதிக்கும் மேல் இப்படிக் கல்லிலிருந்து கழன்றது. சுண்ணாம்புச் சாந்து தான் விட்ட வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு கெட்டிப்படுகிறது. கான்கிரீட்டும் வருஷக்கணக்கில் மேல்தோல் வழியாக ஒரு பங்கை இழுக்கிறது. ஆனால் அதற்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. சுண்ணாம்பின் காரம் இருக்கும் வரைதான் கம்பிக்குப் பாதுகாப்பு. உள்ளே இறங்கும் கரியமில வாயு அந்தக் காரத்தைத் தீர்த்துக்கொண்டே போகிறது. அது கம்பியைத் தொடும் நாளில் துரு தொடங்கும். துருப்பிடிப்பதும் ஒரு வெப்ப உமிழ் வினைதான், மிக மிக மெதுவான வினை. அடுத்த வாரம் அந்தக் கம்பியைப் பார்ப்போம்.